வெண்ணெய் போடாத ரிசோட்டோ

போன வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் கணவன் துல்லியோ வாய் தவறி விட்ட பேச்சு, இந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓர்னெல்லாவை நாத்தனாரின் காருக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

வாரம் தவறாமல் சொந்த ஊரான கியோஜ்ஜாவின் மீன் சந்தையிலிருந்து மட்டி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இரண்டு நாட்டு எல்லை தாண்டி ரொவிஞ்ஞோ துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன் துல்லியோ. விடியுமுன் கிளம்பினால் இருட்டியபின்தான் வந்து சேருவான். வந்ததும் குளிப்பான், சாப்பிடுவான், நாற்காலியிலேயே தூங்கிவிடுவான். அன்று தூங்கவில்லை.

"துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு சின்னக் கடை. கடல் ரிசோட்டோ சாப்பிட்டேன் பாரு..." என்று, மீன்சாற்றில் கிண்டும் அந்த அரிசிச் சோற்றைப் பற்றி ஆரம்பித்தவன் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்ததாம். தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி நகர்ந்ததாம். கறுப்புச் சிப்பி வாயில் போட்டதும் காணாமல் போனதாம்.

இருபத்தாறு வருடமாக ஓர்னெல்லாவின் ரிசோட்டோவைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் இரண்டே வார்த்தை. "நல்லா இருக்கு."

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நீயும் ஒருதடவை வெண்ணெய் போடாம செஞ்சு பாரேன்."

ஊரில் மீன் திருவிழா என்றால் கோயில் பந்தலில் நானூறு தட்டு ரிசோட்டோ கிண்டுகிறவள் ஓர்னெல்லா. கியோஜ்ஜாவில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தாய்மார்கள் அவளிடம் வந்து செய்முறையை எழுதி வாங்கிப் போவார்கள். அவளிடம் வெண்ணெய் போடாதே என்கிறான்!

"யாரு செஞ்சது அது?" என்று கேட்டாள்.

துல்லியோ முட்கரண்டியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். "அங்க... ஒருத்தர்."

அந்த ஒருத்தர் ஆணா பெண்ணா என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததிலேயே ஓர்னெல்லாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் மனதில் ஒருத்தி அடுப்படியில் நிற்கிறாள். முப்பது முப்பத்தைந்து வயது. சிவப்பு உடை. கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். நாளுக்கு நாள் அவள் அழகாகிக்கொண்டே போனாள்.

"அண்ணி, அந்தப் பையை மடியிலிருந்து இறக்கி வையேன். யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க" என்றாள் லொரேதானா.

துல்லியோவின் தங்கை அவள். மார்க்கெட் தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். இன்று கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு, பண்டிகைக்குக் கிளம்பியவள் போலக் காதில் வளையம் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உனக்கு இது வேடிக்கையா இருக்கு."

"எனக்கு எங்க அண்ணனைத் தெரியும் அண்ணி. பொண்ணுங்ககிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்பல பேச வராது அவனுக்கு. உன்னைப் பொண்ணு கேக்கறதுக்கே என்னைத்தானே அனுப்பினான்?"

"பேசத் தெரியாதவன் பத்து நிமிஷம் பேசினான், லொரேதானா. பத்து நிமிஷம்! கண்ணெல்லாம் மினுமினுன்னு. கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அப்படிப் பார்க்கலை."

லொரேதானா வேகத்தைக் கூட்டினாள். எல்லையோர ஊர் திரியெஸ்தேயைத் தாண்டியபோது இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். அதற்கப்புறம் ஸ்லோவேனியா வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ரொவிஞ்ஞோ துறைமுகத்தில் துல்லியோவின் லாரி நின்றிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூட்டைகூட மிச்சமில்லை. மணி பதினொன்று.

"சரக்கு இறக்கியாச்சு. ஆள் எங்கே?" என்றாள் ஓர்னெல்லா.

"திரும்பும்போது ஏத்திக்கிட்டு வர்ற இறால் பெட்டி மூணு மணிக்குத்தான் வரும்னு சொல்வான். எங்கேயாவது தூங்குவான்."

"தூங்குவான்" என்று ஓர்னெல்லா திருப்பிச் சொன்ன விதத்தில் லொரேதானா அவசரமாகக் கடையைத் தேட ஆரம்பித்தாள்.

துறைமுகத்துக்குப் பின்னால் சின்னக் கடை ஒன்றுதான் இருந்தது. ஏழு மேசை. கடை திறந்தபின் பன்னிரண்டரைக்குப் போனபோது ஆறு மேசையில் ஆட்கள் இருந்தார்கள். ஓர்னெல்லா சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்காராமல், சமையலறைக் கதவைப் பார்த்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பரிமாறும் பெண் வந்து இவர்கள் மொழியிலேயே பேசினாள். "வியாழக்கிழமை ரிசோட்டோதான். வேற எதுவும் கேக்காதீங்க. யாரும் கேக்கறதில்லை."

"ரெண்டு கொண்டு வாம்மா" என்றாள் லொரேதானா.

இருபது நிமிடம் ஆயிற்று. அந்தக் காத்திருப்பே ஓர்னெல்லாவுக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே வேகவைத்துச் சுட வைக்கிற கடையாக இருந்திருந்தால், எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பியிருக்கலாம்.

தட்டு வந்தது. அவள் முதலில் முகர்ந்தாள். பிறகு விரலால் தட்டின் ஓரத்தைத் தூக்கிச் சாய்த்தாள். அரிசி மெதுவாக ஒரு பக்கம் புரண்டு, திரும்பி வந்து படுத்தது.

ஒரு வாய் எடுத்தாள்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். உப்பு அதிகம். கணவாய் ரப்பர். மீன்தலைச் சாறு அரைமணி கூடுதலாகக் கொதித்துக் கசக்கிறது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. கணவாய் பல்லுக்கு இதமாக விட்டுக்கொடுத்தது. சாற்றில் இறால் ஓட்டின் இனிப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், காலையில் படகுத்துறையில் நின்றால் மூக்கில் ஏறுமே, அந்தக் கடல். அவள் செய்யும் ரிசோட்டோவில் வெண்ணெய் எல்லாவற்றையும் பட்டுப் போர்வை மாதிரி மூடிவிடும். இதில் போர்வை இல்லை.

பிடித்திருந்தது. அதுதான் தாங்கவில்லை. அடுத்த வாயும் இறங்கியது, அதற்கடுத்ததும்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"பரவாயில்லை."

லொரேதானா அவள் தட்டை எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லைங்கற சோத்துக்கு ரொட்டியால தட்டைத் துடைக்கிற முதல் ஆளு நீதான்."

ஓர்னெல்லா கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தாள். அதை எப்போது எடுத்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கோபமாக அதையும் வாயில் போட்டு மென்றாள்.

"யாரு சமைச்சதுன்னு கேளு. கூப்பிடச் சொல்லு" என்றாள்.

கூப்பிட்டதும் வந்தவள் சிவப்பு உடை உடுத்தியிருக்கவில்லை. அறுபத்தெட்டு எழுபது வயது. தடிமனான கண்ணாடி. வலது மணிக்கட்டில் கட்டு. "நான் நெரினா. கடை என்னுதுதான். சாப்பாடு பிடிச்சுதா?"

ஓர்னெல்லாவின் தோள்கள் ஒரு அங்குலம் இறங்கின. ஏழு நாளாக அடுப்படியில் நின்றவள் சட்டென்று மறைந்துபோனாள். அவளுக்குச் சிரிப்புக்கூட வரும் போல இருந்தது.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றாள் மனதார. "நீங்க செஞ்சதுதானே?"

"இந்தக் கையை வச்சுக்கிட்டா? கரண்டி பிடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சு. மத்த நாள்ல வெறும் பொரிச்ச மீன்தான் போடறேன். வியாழக்கிழமை மட்டும் ஒரு புண்ணியவான் வந்து அடுப்பைப் பிடிச்சுக்கறாரு. உங்க பக்கத்து ஆளுதான். பேச்சைக் கேட்டா கியோஜ்ஜா மாதிரி இருக்கே உங்களுக்கும்? மட்டி லாரி ஓட்டறவரு. தெரியுமா?"

லொரேதானா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறியது.

ஓர்னெல்லா எழுந்துவிட்டாள். நெரினாவைச் சுற்றிக்கொண்டு நேரே போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

துல்லியோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இடுப்பில் வெள்ளைத் துணி. இரண்டு கைகளாலும் சட்டியைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு உலுக்கலுக்கும் அரிசி எழும்பி மடிந்து விழுந்தது. அவன் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தான்.

அவன் பாடுவான் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் கதவருகிலேயே நின்றாள். வேறொரு பெண்ணை அவன் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இதற்கு என்ன செய்வது? அந்தச் சட்டியைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. வீட்டில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பவனைப் பாட வைக்கிறதே!

அவன் திரும்பினான்.

"ஓர்னெல்லா?"

"யாரு செஞ்சதுன்னு கேட்டேன்ல?"

"ஒருத்தர்னுதானே சொன்னேன்" என்றான் துல்லியோ, சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. "பொய் சொல்லலை."

"உன்னையே நீ பத்து நிமிஷம் புகழ்ந்திருக்கே! வெக்கமா இல்லை?"

"வேற யாரும் புகழலையே."

அவன் மெதுவாகச் சட்டியிலிருந்ததை இரண்டு தட்டில் கொட்டி, ஓரத்தைத் துடைத்து, பரிமாறும் பெண்ணிடம் நீட்டினான்.

"எத்தனை நாளா?"

"மே மாசத்துலேர்ந்து. சரக்கு இறக்க வந்தேன். அந்தம்மா அழுதுக்கிட்டே கிண்டிட்டிருந்தாங்க, கை வலியில. கொடுங்கன்னு வாங்கினேன். அப்புறம் விட மனசு வரலை."

"வீட்டுல செய்யறதுதானே?"

துல்லியோ முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "வீட்டுலயா? மூடியைத் திறந்து பார்த்தாலே கரண்டிக்காம்பால தட்டுவியே கையில. ஒருதடவை உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா? ஈஸ்டர் வரைக்கும் பேசலை."

"அதுல உப்பு சரியாத்தான் இருந்தது."

"பார்த்தியா?"

வெளியிலிருந்து குரல் வந்தது. "நாலாம் மேசைக்கு மூணு தட்டு!"

துல்லியோ அடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஓர்னெல்லா கைப்பையை மாவு மூட்டையின் மேல் வைத்தாள். ஆணியில் தொங்கிய துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"தள்ளு. நான் செய்யறேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

எண்ணெயில் வெங்காயம் வதங்கியது. அரிசியைப் போட்டுச் சூடேறும்வரை புரட்டினாள். வெள்ளை ஒயினை ஊற்றியதும் சட்டி சீறியது. இதுவரை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டி கரண்டியாகச் சாறு ஊற்றினாள். பதினைந்து நிமிடம் அப்படியே போனது. அவன் கணவாயை நீட்டினான், போட்டாள். இறாலை நீட்டினான், போட்டாள். அவன் நீட்டிய நேரமெல்லாம் சரியான நேரமாக இருந்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப இறக்கு" என்றான்.

"இன்னும் ஒரு நிமிஷம்."

"இறக்கு, ஓர்னெல்லா."

இறக்கினாள். அவன் ஒரு கிண்ணத்தை எடுத்தான். சிப்பி வாய் திறந்தபோது விட்ட தண்ணீர், துணியில் வடிகட்டி வைத்தது. வெண்ணெய்க்குப் பதில் அதையும் கொஞ்சம் எண்ணெயையும் விட்டான். அவள் பழக்கத்தில் கரண்டியை எடுத்தாள்.

"கிண்டாதே! உலுக்கு!"

அது அவளுடைய குரல். இருபத்தாறு வருடமாகத் தன் வீட்டு அடுப்படியில் அவள் போட்ட அதட்டல், அவன் வாயிலிருந்து வந்தது. அவனே திடுக்கிட்டுப் போனான். ஓர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சட்டி கனத்தது. அவன் பின்னாலிருந்து கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்தான். நாலு உலுக்கல். ஐந்தாவதில் அரிசி அலையாக எழும்பி மடிந்தது.

அவன் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தான். சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைக்கப் போனவள் கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

"சாறு ஒரு கரண்டி கம்மி" என்றான் துல்லியோ பயந்துகொண்டே. "மத்தபடி... என்னோடதைவிட நல்லா இருக்கு. கணவாய் உன் கையில வேற மாதிரி வருது. எப்படின்னு எனக்கு இன்னும் பிடிபடலை. நாலு மாசமா முயற்சி பண்றேன்."

ஓர்னெல்லா தானும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள். சாறு ஒரு கரண்டி கம்மிதான். ஊற்றி, ஒருதடவை உலுக்கி, மூன்று தட்டில் போட்டு அனுப்பினாள்.

அப்போதுதான் நெரினா உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் லொரேதானா, எல்லாவற்றையும் சொல்லிவிட்ட முகத்தோடு.

"நீதானா ஓர்னெல்லா!" நெரினா நல்ல கையால் அவள் கன்னத்தைத் தொட்டாள். "முதல்லயே சொல்லக்கூடாதா? வா வா, மாடியைக் காட்டறேன். ரெண்டு அறையும் சுண்ணாம்பு அடிச்சாச்சு. ஜன்னலைத் திறந்தா கடல். ஈஸ்டருக்கு முன்னாடி வந்துடுங்க. அப்பத்தான் கூட்டம் வர்றதுக்குள்ள அடுப்பு உங்க கைக்குப் பழகும்."

ஓர்னெல்லாவுக்குப் புரியவில்லை. "யாரு வர்றது?"

"நீங்க ரெண்டு பேரும்தான். நான் இனிமே முடியாதுன்னு இவருகிட்ட கடையை எடுத்துக்கச் சொன்னேன்ல? லாரியை விட்டுட்டு வர்றேன், என் பொண்டாட்டியும் சந்தோஷமாச் சம்மதிச்சுட்டான்னு போன மாசமே சொன்னாரே. எனக்கு நம்பிக்கையே வரலை. பொறந்து வளர்ந்த ஊரை விட்டு எந்தப் பொண்ணு சட்டுனு கிளம்புவா? இப்ப நீயே வந்து நிக்கறே."

லொரேதானாவின் வாய் திறந்தபடி இருந்தது. துல்லியோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

போன மாசம். ஓர்னெல்லா மனதுக்குள் அந்த மாதத்தைத் தேடினாள். தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை பெய்கிறது என்றான். டயர் மாற்ற வேண்டும் என்றான். வாழ்க்கையைத் தூக்கி வேறு நாட்டில் வைக்கப் போகிறேன் என்பதை மட்டும் இந்தக் கண்ணாடிக்காரியிடம் சொல்லியிருக்கிறான். தன்னிடம் முதலில் வந்திருக்க வேண்டிய பேச்சு. சிவப்பு உடைக்காரி ஒருத்தி உண்மையிலேயே இருந்திருந்தால்கூட இத்தனை பொறாமை வந்திருக்காது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நெரினாவின் முகம் வாடும், துல்லியோ இனி இந்தக் கதவுக்குள் தலைகாட்ட முடியாது. அடுத்த வியாழக்கிழமை முதல் லாரியிலேயே தூங்குவான். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. சட்டியை உலுக்கிக்கொண்டே பாடியவனின் நினைவு அதைத் தடுத்தது.

"ஆமா" என்றாள். "சம்மதிச்சேன்."

துல்லியோ விருட்டென்று தலையைத் தூக்கினான்.

"ஆனா நான் ஒரு நிபந்தனை போட்டேனே" என்று ஓர்னெல்லா நெரினாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். "அதைச் சொன்னாரா உங்ககிட்ட?"

"இல்லையே. என்ன நிபந்தனை?"

என்னவென்று ஓர்னெல்லாவுக்கே இன்னும் தெரியாது. பொய்யை ஆரம்பித்தவனே அதையும் கண்டுபிடிக்கட்டும். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரையே கேளுங்க" என்றாள். "நான் சம்மதிச்சதே அவருக்கு அவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கும்போது, இது மட்டும் மறந்தா போயிருக்கும்? சொல்லு துல்லியோ."